சால்மன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குளிர்கால பூமா வேட்டை

அமெரிக்கக் கண்டத்துப் பெரிய காட்டுப் பூனையான பூமாவின் வேட்டைக்குப் போக விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தத் துப்பாக்கியை எடுத்துச் செல்வது என்பதைத்தான். அந்த வேட்டையில் துப்பாக்கிக்குரிய வேலை கடைசிச் சில நிமிடங்களுக்கு மட்டுமே. மற்ற நேரமெல்லாம் தடம் தேடுவதிலும், நாய்களின் குரலுக்குக் காது கொடுப்பதிலும், முழங்காலளவு பனியில் செங்குத்தான சரிவுகளை ஏறி இறங்குவதிலுமே கழிகிறது. மோப்ப நாய்களை வைத்து நடத்தப்படும் இந்த வேட்டைக்கு வேறு பெரிய விலங்கு வேட்டைகளில் அரிதாகவே கிடைக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. நாய்கள் விரட்ட, மரத்தில் ஏறி நிற்கும் விலங்கை நிதானமாகப் பார்த்து, அது ஆணா பெண்ணா, முதிர்ந்ததா இளையதா, பால் கொடுக்கும் தாயா என்று தெரிந்துகொண்டு, வேண்டாம் என்று தோன்றினால் நாய்களைக் கட்டி அழைத்துக்கொண்டு திரும்பிவிடலாம். வழிகாட்டியைத் தேர்வு செய்வது முதல் மரத்தடியில் நடந்துகொள்வது வரை எல்லாவற்றையும் இந்த வாய்ப்பை ஒருவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

நான் சென்றது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சால்மன் ஆற்றின் கரையில் இருக்கும் சால்மன் என்ற சிற்றூருக்கு. கிழக்கே பிட்டர்ரூட் மலைத்தொடரும் லெம்ஹை பள்ளத்தாக்கும், மேற்கே பிராங்க் சர்ச் வனாந்தரப் பகுதியும் இருக்க, நடுவில் அமைந்த ஊர் அது. அங்கிருந்து ஆற்றோடு கீழே போனால் பாந்தர் கிரீக் என்ற ஓடை வந்து கலக்கிறது. பூமாவை அந்த நாட்டார் முன்பு அழைத்த பெயர்களில் ஒன்றுதான் அந்த ஓடைக்கு வாய்த்திருக்கிறது. கூகர், மலைச் சிங்கம் என்றும் வழங்கப்படும் பூமா, உடலளவில் சிறுத்தையை ஒத்திருந்தாலும் வகைப்பாட்டில் வீட்டுப் பூனைக்கே நெருக்கமானது. அது கர்ஜிப்பதில்லை. வளர்ந்த ஆண் பெரும்பாலும் 55 முதல் 70 கிலோ வரையும், பெண் 35 முதல் 50 கிலோ வரையும் இருக்கும். அதன் முக்கிய இரை கோவேறு மான் எனப்படும் மியூல் மானும் எல்க் எனப்படும் பெரிய மானும். குளிர்காலத்தில் உயரமான இடங்களில் பனி ஆழமாகிவிடுவதால் மான்கள் வெயில் விழும் தெற்குச் சரிவுகளுக்கு இறங்கி வருகின்றன. பூமாவும் அவற்றின் பின்னாலேயே இறங்கி வருகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்கள் இந்த வேட்டைக்கு உகந்தவையாக இருப்பதற்கு இது ஒரு காரணம். தடம் தெளிவாகப் பதியும் பனி இன்னொரு காரணம்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்கு ஏறக்குறைய முற்றுப்புள்ளி வைத்த அதே 1972ஆம் ஆண்டில்தான் ஐடஹோ மாநிலம் பூமாவை வேட்டை விலங்குகளின் பட்டியலில் சேர்த்தது. நம்மவர்களுக்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் அங்கே அந்த மாற்றமே ஒரு பாதுகாப்பாக அமைந்தது. அதற்கு முன் பூமா ஒரு தொல்லை விலங்காகவே கருதப்பட்டு, கொன்றவருக்குச் சன்மானம் தரும் வழக்கமும் இருந்தது. 1964இல் தொடங்கி மாரிஸ் ஹார்நாக்கர் என்ற ஆய்வாளர், சால்மன் ஆற்றின் மேற்கே பிக் கிரீக் பகுதியில், வில்பர் வைல்ஸ் என்ற உள்ளூர் நாய் வேட்டைக்காரரின் துணையுடன் பூமாக்களை மரத்தில் ஏற்றி, மயக்க ஊசி போட்டு, அடையாளமிட்டு, மீண்டும் மீண்டும் பிடித்துப் பல குளிர்காலங்கள் ஆய்வு செய்தார். பூமாக்கள் தமக்குள் எல்லை வகுத்து வாழ்கின்றன, மான் கூட்டங்களை அவை அழித்துவிடவில்லை என்பவை அந்த ஆய்வின் முடிவுகள். வேட்டைக்கு அழைத்துச் செல்லப்பட்ட அதே வகை நாய்களும் அதே முறையும்தான் அந்த அறிவுக்கும் வழி திறந்தன என்பதை இந்த வேட்டையை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் ஒருசேர மறந்துவிடுகிறார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவில் 1990இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் பூமா வேட்டையே தடை செய்யப்பட்டது. ஆரிகனில் 1994இலும் வாஷிங்டன் மாநிலத்தில் 1996இலும் நாய்களைக் கொண்டு வேட்டையாடுவது வாக்கெடுப்பால் நிறுத்தப்பட்டது. கொலராடோவில் 2024 நவம்பரில் அப்படியொரு தடை முன்மொழியப்பட்டுத் தோற்றது. மரத்தில் ஏறி நிற்கும் விலங்கைச் சுடுவதில் என்ன வீரம் என்று கேட்பவர்களின் கேள்வியை நான் ஏளனமாகத் தள்ளமாட்டேன். வீரம் என்று எதுவும் இல்லைதான். கொல்வதென்று ஒரு சமூகம் முடிவெடுத்துவிட்ட பிறகு, கண்மூடித்தனமாகக் கொல்வதைவிடப் பார்த்துத் தேர்ந்து கொல்வது மேல் என்பதே எனக்குத் தெரிந்த பதில். அந்தப் பதிலும் பார்ப்பவர் உண்மையிலேயே பார்த்தால்தான் செல்லும்.

வழிகாட்டியைத் தேர்வு செய்யும்போது விளம்பரப் படங்களில் இருக்கும் பெரிய ஆண் பூமாக்களை எண்ணிப் பயனில்லை. ஐடஹோவில் காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு அழைத்துச் செல்பவர் மாநில வாரியத்தின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும்; தேசிய வனத்துக்குள் தொழில் செய்ய அதற்கான அனுமதியும் வேண்டும். இரண்டையும் கேட்டுச் சரிபார்ப்பதில் கூச்சப்படக் கூடாது. அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்விகள் வேறு வகையானவை. கடந்த பருவத்தில் மரத்தில் ஏறிய பூமாக்களில் எத்தனையைச் சுடாமல் விட்டீர்கள்? பெண் பூமாவைச் சுட வேண்டும் என்று வாடிக்கையாளர் அடம் பிடித்தால் என்ன செய்வீர்கள்? நாய்களை அவிழ்த்துவிடும்போது நான் உடன் இருப்பேனா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. பூமாவை முன்பே மரத்தில் ஏற்றி நாய்களைக் காவல் வைத்துவிட்டு, தொலைபேசியில் வாடிக்கையாளரை அழைத்து, அவர் வந்து சேரும்வரை மணிக்கணக்கில் அதை அங்கேயே நிறுத்தி வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நாய்களை நேசித்து வளர்க்கும் வேட்டைக்காரர்களே அதை இழிவாகக் கருதுகிறார்கள். என் வழிகாட்டி, பல தலைமுறைகளாக அந்தப் பள்ளத்தாக்கில் மாடு வளர்க்கும் குடும்பத்தவர், முதல் கேள்விக்கே நீண்ட பதில் சொன்னார். அந்தப் பதிலுக்காகவே அவரிடம் முன்பணம் கட்டினேன்.

செலவு குறைவல்ல. இப்படிப்பட்ட வேட்டைக்குப் பொதுவாகக் கேட்கப்படும் தொகை ஐந்தாயிரம் டாலரிலிருந்து எட்டாயிரம் டாலர் வரை இருக்கிறது. வெளிமாநிலத்தவருக்கான வேட்டை உரிமம், பூமாவுக்கான தனி அனுமதிச் சீட்டு, விமானம், வண்டி, வழிகாட்டிக்கு இறுதியில் தரும் அன்பளிப்பு ஆகியவை தனி. 1975 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைக் கல்விச் சான்றிதழும் தேவை. அதைக் கடைசி நேரத்தில் தேடி அலையாமல் முன்கூட்டியே முடித்துக்கொள்வது நல்லது. கட்டிய பணம் பூமாவை வாங்கித் தராது, புதுப்பனி விழுவதற்காகக் காத்திருக்கும் வழிகாட்டியின் நேரத்தையும் நாய்களின் உழைப்பையும் மட்டுமே வாங்கித் தரும் என்று எண்ணிப் போனால் ஏமாற்றம் இருக்காது. தேதிகளில் தளர்வு வைத்திருப்பவருக்குத்தான் வாய்ப்பு அதிகம். பனி விழாத வாரத்தில், பழைய தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும் தரையில், நல்ல நாய்களுக்குக்கூட வேலை கடினம்.

உடல் தயாரிப்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். சால்மன் ஊர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; வேட்டை நடக்கும் சரிவுகள் அதற்கு மேலே. நாய்கள் எங்கே போகும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. போகும் இடம் பாறையும் விழுந்த மரங்களும் நிறைந்த பள்ளமாகவே இருக்கும். சில மாதங்களுக்கு முன்பிருந்தே முதுகில் சுமையோடு படியேறிப் பழகியது எனக்கு உதவியது. ஓடிப் பழகியவர்களைவிடச் சுமையோடு இறங்கிப் பழகியவர்களுக்கு முழங்கால் வலி குறைவு.

உடையில் பருத்தி என்ற பேச்சே கூடாது. வியர்வையில் நனைந்த பருத்தி குளிரில் உடல் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழையாலான உள்ளாடை, அதன் மேல் காற்று புகாத மெல்லிய மேலாடை என்று குறைவாக உடுத்தி, நடக்கத் தொடங்கும்போது சற்றுக் குளிரவே குளிர வேண்டும். தடித்த குளிர்ச் சட்டையைப் பைக்குள் வைத்திருந்து, மரத்தடியில் நிற்கும்போது மட்டும் போட்டுக்கொள்வதே முறை. பனி புகாமல் காலணியை மூடும் கணுக்கால் உறை, காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள், பனிக்காலணி, மாற்றுக் கையுறைகள், தலைவிளக்கு, அதற்கான மாற்று மின்கலம் ஆகியவை என் பையில் எப்போதும் இருந்தன. மின்கலங்களை உடலோடு ஒட்டிய உட்பையில் வைக்காவிட்டால் குளிரில் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். துப்பாக்கியின் குழல்வாயில் ஒரு துண்டு மின்சார ஒட்டுநாடாவை ஒட்டச் சொன்னார் வழிகாட்டி; சரிவில் விழுந்து எழும்போது குழலுக்குள் பனி அடைத்துக்கொள்வதை அது தடுக்கிறது.

நாள் அதிகாலை மூன்று நான்கு மணிக்கே தொடங்கிவிடும். பின்புறத்தில் நாய்ப்பெட்டி பொருத்திய பிக்கப் வண்டியில், அது போக முடியாத இடங்களில் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியில், வனச் சாலைகளில் மெதுவாக ஊர்ந்தபடி பனியில் குறுக்கிட்டுச் செல்லும் தடத்தைத் தேட வேண்டும். பெரும்பாலான நேரம் கண்ணில் படுவது மான் தடமும் முயல் தடமும் கொயோட்டி என்ற சிறு ஓநாயின் தடமும்தான். வண்டி சூடாக்கியின் வெதுவெதுப்பில் கண் சொருகும். அப்போதும் பக்கவாட்டு விளக்கின் ஒளியில் சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். இரவு பனி எத்தனை மணிக்கு நின்றது என்று வழிகாட்டி தம் வீட்டு வாசலில் எழுந்து எழுந்து பார்த்துக் குறித்து வைத்திருந்தார். தடத்துக்குள் புதுப்பனி விழாமலிருந்தால், பனி நின்ற பிறகு அந்த விலங்கு நடந்திருக்கிறது என்று பொருள். அந்த ஒரு செய்தியே பல மணி நேர வீண் அலைச்சலை மிச்சப்படுத்துகிறது.

பூமாவின் தடம் வட்டமானது, ஏழரை முதல் பத்து சென்டிமீட்டர் வரை அகலமுள்ளது, நக அடையாளம் அதில் இராது. நாய், ஓநாய் தடங்களில் நகம் பதிந்திருக்கும். அவற்றின் வடிவமும் நீள்வாட்டமானது. பூமாவின் உள்ளங்காலில் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் பின்மெத்தையின் கீழ் விளிம்பில் மூன்று மடல்கள் தெரியும். வழிகாட்டி சட்டைப் பையிலிருந்து சிறு அளவுகோலை எடுத்து அந்தப் பின்மெத்தையின் அகலத்தை மட்டுமே அளந்தார். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம். உருகிய பனியில் தடம் விரிந்து பெரிதாகத் தோன்றும் என்பதால், நிழலில் பதிந்த தடத்தையே அளக்க வேண்டும். பின்னர் விரலால் விளிம்பைத் தொட்டுப் பார்ப்பார். பொலபொலவென்று உதிர்ந்தால் புதிது. இறுகி உறைந்திருந்தால் பல மணி நேரம் ஆகியிருக்கும்.

அதை மட்டும் பார்த்து நாய்களை அவிழ்த்துவிடுவதில்லை. தடத்தின் மேலே கொஞ்ச தூரம், பின்னால் கொஞ்ச தூரம் என்று நடந்து, பக்கத்தில் சிறு தடங்கள் வந்து சேர்கின்றனவா என்று பார்ப்பார். உடலில் புள்ளிகள் இன்னும் மறையாத குட்டியையோ குட்டியுடன் இருக்கும் தாயையோ கொல்வது சட்டப்படி குற்றம். ஆனால் தாய் பூமா குட்டிகளை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டுத் தனியாக இரை தேடப் போகும் வழக்கம் உடையது. பிறந்து ஓராண்டுக்கு மேலும் குட்டிகள் தாயை நம்பியே வாழ்கின்றன. எனவே தனித் தடம் என்பது குட்டி இல்லை என்பதற்குச் சான்றாகாது. பெரிய ஆணின் தடம் என்று உறுதியாகாத எதன் மீதும் அரை மனதோடுதான் அவர் நாய்களை விட்டார்.

ஒரு நாள் காலை, ஐயத்துக்கே இடமில்லாத பெரிய ஆண் தடம் ஒன்று கிடைத்தது. வெறும் சில மணி நேரப் பழமை. பெட்டிக்குள் நாய்கள் மணம் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தன. வழிகாட்டி அவற்றை விடாமல், ஸ்னோமொபைலில் மேலே போய்ச் சுற்றிவிட்டு வந்து, வண்டியைத் திருப்பச் சொன்னார். மேல் முகட்டில் ஓநாய்க் கூட்டம் ஒன்று நடந்து போயிருந்தது. மத்திய ஐடஹோவில் ஓநாய்களை மீட்டுக் கொண்டுவரும் திட்டத்தில், கனடாவில் பிடிக்கப்பட்ட ஓநாய்கள் 1995 ஜனவரியில் முதலில் திறந்துவிடப்பட்ட இடம் இதே சால்மன் ஆற்றங்கரையின் கார்ன் கிரீக்தான். அவற்றின் வழிவந்தவை இன்று அந்த மலைகளெங்கும் பரவியிருக்கின்றன. தொலைவில் தனியாகக் குரைத்துக்கொண்டிருக்கும் வேட்டை நாய்களை ஓநாய்கள் தேடி வந்து கொன்றுவிடுவதுண்டு. பணம் கட்டிய வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்க, கைக்கெட்டிய தடத்தை விட்டுவிட்டுத் திரும்பும் வழிகாட்டியே நம்பத் தகுந்தவர் என்று அன்று எனக்குத் தோன்றியது. வாடிக்கையாளர் முகம் சுளித்து அவரை நெருக்காமலிருப்பதும் அந்த நம்பிக்கையில் பாதி.

நாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கன்னியும் சிப்பிப்பாறையும் இரையைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிப்பவை; மெலிந்த உடலும் வேகமும் அவற்றின் வலிமை. இந்த நாய்கள் வேறு. காது தொங்கும், மார்பு அகன்ற, காணாத இரையை மணிக்கணக்கில் மோப்பத்தாலேயே தொடரும் இனங்கள். வழிகாட்டியிடம் ட்ரீயிங் வாக்கர் இனத்தவை இரண்டும், நீலப்புள்ளி படர்ந்த புளூடிக் ஒன்றும், வட கரோலினாவில் உருவான பிளாட் இனத்து நாய் ஒன்றும் இருந்தன. கூட்டத்தின் தலைமை வயதில் மூத்த வாக்கர் பெட்டைக்கு. அது மான் தடத்தைக் கடந்தாலும் மூக்கைத் திருப்பாது. மற்றவை தடுமாறும் இடங்களில் ஓசையின்றி வட்டமடித்து, விட்ட இடத்தைப் பிடித்துக் குரல் கொடுக்கும். இளைய நாய்கள் அதன் குரலை நம்பி ஓடி வரும். மான் பின்னால் ஓடாத ஒழுங்கை ஒரு நாய்க்குப் பழக்கச் சில ஆண்டுகள் ஆகிவிடும் என்றும், வேட்டையைவிட அந்தப் பழக்கும் வேலையே தமக்குப் பிடித்தது என்றும் அவர் சொன்னார். பருவம் முழுவதும் அவர் மரத்தில் ஏற்றும் பூமாக்களில் பெரும்பாலானவை படம் மட்டும் எடுக்கப்பட்டுத் தப்பிப் போகின்றன.

விட்டவுடன் நாய்கள் நீளமாக இழுத்து ஊளையிட்டுக்கொண்டு தடத்தில் ஓடுகின்றன. மரத்தடியை அடைந்ததும் குரல் மாறி, வெட்டு வெட்டாக, இடைவிடாமல், ஒரே இடத்திலிருந்து வரத் தொடங்கும். பள்ளத்தாக்கின் எதிரொலியில் இந்த மாற்றத்தைப் பிரித்தறியப் பழக்கம் வேண்டும். இப்போது ஒவ்வொரு நாயின் கழுத்திலும் கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ் பட்டை இருப்பதால், கையிலுள்ள கருவியே அவை நின்றுவிட்டதைக் காட்டிவிடுகிறது. ஆனால் அந்தத் திரையில் தெரியும் தொலைவை நம்பி மனக்கணக்குப் போடக் கூடாது. எண்ணூறு மீட்டர் என்று அது காட்டியது நேர்கோட்டுத் தொலைவு. நடுவே ஒரு பள்ளமும் அதற்கப்பால் ஒரு செங்குத்துச் சுவரும் இருந்ததால், நாங்கள் அங்கே போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இந்த ஏற்றத்தில் வழிகாட்டியோடு போட்டி போட வேண்டியதில்லை. பூமா குறுகிய தூரம் பாய்வதற்கான உடல்கட்டு கொண்டது, நீண்ட ஓட்டத்துக்கு அது தாங்காது; அதனால்தான் மரம் ஏறுகிறது. ஏறிய பிறகு நாய்கள் கீழே இருக்கும்வரை பெரும்பாலும் இறங்குவதில்லை. வியர்வையில் நனையாமல், கை நடுங்காமல் போய்ச் சேர்வதே முக்கியம்.

முதல் பூமா ஒரு டக்ளஸ் ஃபர் மரத்தின் பாதி உயரத்தில், கிளை முட்டில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. அத்தனை ஆரவாரத்தின் நடுவிலும் அதன் வால்நுனி மட்டுமே அசைந்தது. வழிகாட்டி தொலைநோக்கியைக் கையில் கொடுத்து, நீங்களே சொல்லுங்கள் என்றார். பார்க்க வேண்டிய இடம் தலையல்ல, வாலுக்கு அடியில். ஆணுக்கு ஆசனவாய்க்குக் கீழே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தள்ளி, ஒரு நாணயத்தளவு கருத்த முடிப் புள்ளி தெரியும். பெண்ணுக்கு அது இராது. வால் மறைப்பதால் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அது காலை மாற்றி வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். தலையின் அகலம், மார்பின் கனம் என்று பிறவற்றை வைத்துச் சொல்வதெல்லாம் ஊகம்; கீழேயிருந்து பார்க்கும்போது மரத்தில் உள்ள எந்தப் பூமாவும் பெரிதாகத்தான் தெரியும். கருப்புப் புள்ளி இல்லை. அடிவயிற்றில் முலைக்காம்புகளைச் சுற்றி முடி உதிர்ந்து தோல் தெரிந்ததால், அண்மையில் பால் கொடுத்த தாய் என்பதும் புரிந்தது. குட்டிகள் அருகில் இல்லாத நிலையில் அதைச் சுட்டிருந்தால் சட்டம் என்னைத் தொட்டிருக்காது. எங்கேயோ ஒரு பாறையிடுக்கில் குட்டிகள் பசியால் செத்திருக்கும்.

திரும்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நாய்களை ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டி, இழுத்துக்கொண்டு, மரம் கண்ணுக்கு மறையும்வரை நடந்து, வண்டியை அடையும்வரை அவிழ்க்காமலே கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் அவை திரும்பி ஓடிவிடும். மரத்தடியில் நாங்கள் இருந்த நேரத்தையும் அவர் குறைவாகவே வைத்தார். வெவ்வேறு கோணங்களில் படம் எடுக்க வேண்டும் என்பதற்காகக் கொடுங்குளிரில் ஒரு விலங்கை மணிக்கணக்கில் மரத்தில் தொங்கவிடுவதை, சுடாமல் விட்டோம் என்ற பெருமையால் ஈடுசெய்துவிட முடியாது.

வாரத்தின் பிற்பகுதியில் மீண்டும் பனி விழுந்தது. ஆற்றை ஒட்டிய கிளைப் பள்ளம் ஒன்றில், பூமா மான் ஒன்றைக் கொன்று பைன் ஊசிகளாலும் பனியாலும் மூடி வைத்திருந்த இடத்தைக் காக்கைகளின் கூச்சல் காட்டிக்கொடுத்தது. பக்கத்தில் இருந்த தடம் அளவுகோலைத் தாண்டியது. இம்முறை பூமா முதலில் மரம் ஏறவில்லை. பாறை விளிம்பு ஒன்றில் நின்றுகொண்டது. அதுதான் நாய்களுக்கு மிக ஆபத்தான நிலை. மரத்தில் இருக்கும் பூமா தப்பிக்க நினைக்கிறது, பாறையில் முதுகைக் கொடுத்து நிற்கும் பூமா அடிக்கிறது. வழிகாட்டி உரக்கக் கூவி நாய்களைப் பின்வாங்கச் செய்யவும், அது பாய்ந்து இறங்கி, கீழே ஒரு பாண்டரோசா பைன் மரத்தில் ஏறியது. இம்முறை கருப்புப் புள்ளி தெளிவாகத் தெரிந்தது. காதுகள் கிழிந்து, முகத்தில் பழைய வடுக்களோடு இருந்த முதிய ஆண்.

சுடுவதற்கு முன் எல்லா நாய்களையும் எட்டத்தில், தனித்தனி மரங்களில், கட்டியாக வேண்டும். காயம்பட்டு விழும் பூமா நாய்களின் நடுவே விழுந்தால் அவற்றைக் கிழித்துவிடும். எத்தனை அவசரமாக இருந்தாலும் இந்தப் படியைத் தாண்டச் சொல்லும் வழிகாட்டியோடு போகாதீர்கள். அதுவரை என் துப்பாக்கியின் அறையில் தோட்டா இல்லை. அவர் சொன்ன பிறகே ஏற்றினேன். தொலைவு பதினைந்து மீட்டர் இருக்கலாம். அந்த அண்மைக்கு முப்பது-முப்பது வகைப் பழைய நெம்புத் துப்பாக்கியே போதும். தொலைநோக்கி பொருத்திய நீண்ட துப்பாக்கியின் கண்ணாடி மூச்சுக்காற்றில் மங்கித் தொல்லைதான் கொடுக்கும். கடினம் கோணத்தில் இருக்கிறது. செங்குத்தாக மேல்நோக்கிச் சுடும்போது குண்டு எந்த வழியாக உள்ளே புகுந்து எங்கே போகும் என்பதை உடலின் உள்ளமைப்பை எண்ணிக் கணிக்க வேண்டும். இடையில் ஒரு சிறு கிளை இருந்தாலும் காத்திருக்க வேண்டும். தலையில் சுடக் கூடாது, மண்டையோடு பரிசோதனைக்குத் தேவை. அது பக்கவாட்டில் திரும்பியபோது முன்காலுக்குச் சற்றுப் பின்னால் சுட்டேன். ஒரே குண்டில் முடிந்தது. மகிழ்ச்சி, வருத்தம் என்ற இரண்டில் எதையும் அப்போது நான் முழுமையாக உணரவில்லை. குளிரும் நேரமும் நெருக்கின. பொழுது சாய்வதற்குள் உரித்துச் சுமந்து இறங்க வேண்டியிருந்தது.

ஐடஹோ சட்டம் பூமா இறைச்சியை எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் வழிகாட்டியின் வீட்டில் அதை வீணாக்கும் வழக்கமில்லை. முதுகுச் சதையையும் நான்கு கால்களையும் எடுத்துக்கொண்டோம். வெளிறிய நிறத்தில், பன்றி இறைச்சியை ஒத்திருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பூமாவின் தசையில் டிரைக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். குளிர் தாங்கும் வகைகள் அதில் இருப்பதால், உறைபெட்டியில் வைத்துவிட்டோம் என்று நிம்மதி அடைய முடியாது. 1995இல் ஐடஹோவிலேயே பூமா இறைச்சியை உப்பிட்டுப் புகைகாட்டி உலர்த்தித் தின்றவர்களுக்கு இந்த நோய் வந்தது பதிவாகியிருக்கிறது. இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டும்வரை சமைக்க வேண்டும். அதை வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும், நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. குக்கரில் வேகவைத்துப் பிறகு மிளகு போட்டு வறுத்தோம். வழிகாட்டியின் மனைவி செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டார்.

கொன்ற பத்து நாள்களுக்குள் தோலையும் மண்டையோட்டையும் மாநில வனவிலங்குத் துறையின் அலுவலகத்துக்கோ அதன் அலுவலரிடமோ கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். ஆணா பெண்ணா என்பதற்கான உடற்சான்று தோலோடு ஒட்டியே இருக்க வேண்டும். வயதைக் கணிப்பதற்காக ஒரு சிறு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி எடுத்துக்கொள்வார்கள். தலை உறைந்துவிட்டால் வாயைத் திறக்க முடியாது என்பதால், உறைவதற்கு முன்பே தாடைகளுக்கு நடுவில் ஒரு குச்சியை நிறுத்திவிட வேண்டும். அலுவலர் கேட்ட கேள்விகள் எளியவை: எந்த ஓடைப் பகுதி, எந்தத் தேதி, எத்தனை நாள் வேட்டை, எத்தனை பூமாக்களைப் பார்த்துச் சுடாமல் விட்டீர்கள். தோலைப் பதனிடக் கொடுத்தால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அமெரிக்காவுக்கு வெளியே அதைக் கொண்டு செல்ல நினைப்பவர்கள், வனவுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் பூமா இருப்பதை மனத்தில் வைத்து, ஏற்றுமதி அனுமதியை முன்பே பெற வேண்டும். சேரும் நாட்டின் சட்டம் அதை உள்ளே விடுமா என்பதையும் பயணத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.